அல்கான்குவின் காட்டில் கனூ, கூடாரம், தூண்டில்: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

டொராண்டோவில் அக்கா இருக்கிறார், மகன் இருக்கிறான், போன தடவை நயாகரா பார்த்தாயிற்று, இந்தத் தடவை நாலு நாள் ஏரிக்காட்டுக்குள் படகில் போய்த் தங்கி மீன் பிடிக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் அல்கான்குவின் பூங்காவை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதிலும். என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாளைக் கூட்டுங்கள், தூரத்தைக் குறையுங்கள். நம் ஆட்கள் டூர் பேக்கேஜ் மாதிரி ஒரே நாளில் ஏழு ஏரி போட்டுத் திட்டம் அனுப்புகிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

அது என்ன அப்படிப்பட்ட இடம்? இங்கேயே பழவேற்காட்டிலோ காவிரியிலோ செய்ய முடியாதா?

அல்கான்குவின் 1893-இல் அமைத்த பூங்கா, சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளே 2,000 கிலோமீட்டருக்கும் மேல் கனூ வழிகள். ஏரி, ஒரு சின்ன நடைபாதை, அடுத்த ஏரி என்று காட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கலாம். தங்குவதற்குக் கரையோரமாக இடங்கள் குறித்து ஆரஞ்சு நிறப் பலகை வைத்திருக்கிறார்கள், அடுத்த ஏரிக்கு நடக்கிற பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை. உள்ளே ரோடு, கடை, கரண்ட் எதுவும் கிடையாது.

இங்கே அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், சரணாலயத்துக்குள் நாமாகப் போய்க் கூடாரம் போடுவது சட்டப்படி தப்பு. பழவேற்காட்டில் பாதி ஏரி பறவைகள் சரணாலயம், மீன்பிடிக்கும் இடத்தையோ மீனவக் கிராமங்கள் பாடு முறையில் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. நாம் பொழுதுபோக்குக்காக அதில் போய்த் தூண்டில் போடுவதை நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

கனூவும் கயாக்கும் ஒன்றுதானே?

இல்லை. கோவளத்தில் நீங்கள் பார்க்கிற, இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும் துடுப்பை வைத்து ஓட்டுவது கயாக். கனூ மேலே திறந்த நீளப் படகு, ஒரு பக்கம் மட்டும் தட்டை உள்ள துடுப்பு, இரண்டு பேர் ஓட்டுவார்கள், நடுவில் மூட்டை. நாலு நாள் சாமானை ஏற்ற இதுதான் சரி. பின்னால் உட்காருபவர்தான் திசை பிடிப்பார், அதனால் கொஞ்சம் பழகியவரைப் பின்னால் உட்கார வையுங்கள், கனமான ஆளையும் பின்னால் வைத்தால் நல்லது. அலை வந்தால் இருக்கையில் உட்காராமல் படகின் அடியில் முட்டி போட்டு ஓட்டுங்கள், படகு ஆடுவது பாதியாகக் குறையும்.

எந்த மாதம் போகலாம்?

ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடு வரை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மே மாதத்தில் ட்ரவுட் என்ற மீன் தூண்டிலை நன்றாகக் கடிக்கும் என்று டொராண்டோ நண்பர்கள் ஆசை காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் பனிக்கட்டி உருகி அப்போதுதான் ஆகியிருக்கும், தண்ணீர் கொல்லும். மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை கருப்பு ஈ என்று ஒன்று மொய்க்கும், கடித்தால் ரத்தம் வழியும், காது, கழுத்து, தலைமுடி ஓரம் எல்லாம் வீங்கும். அது போகும் நேரத்தில் கொசு. சென்னைக் கொசுவுக்குப் பழகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள், ஜூனில் அங்கே சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே நிற்க முடியாது. ஜூனில்தான் லீவு கிடைக்கும் என்றால் தலைக்கு வலை, முழுக்கை வெளிர் நிறச் சட்டை (அடர் நிறத்துக்கு அந்த ஈ அதிகம் வரும்), அப்புறம் 30 சதவீதம் டீட் உள்ள பூச்சி மருந்து, இதெல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் கடைசியில் பூச்சி அடங்கிவிடும், தண்ணீரில் இறங்கிக் குளிக்கிற அளவுக்கு வெதுவெதுப்பு இருக்கும், கூட்டமும் குறையத் தொடங்கும். ஆனால் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகும். மேப்பிள் மரங்கள் சிவக்கிற காட்சி வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசி, ஆனால் அப்போது குளிர் நமக்குச் சரிப்படாது, முதல் முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

அனுமதி எப்படி வாங்குவது?

ஒன்டாரியோ பூங்காத் துறையின் இணையதளத்தில், நீங்கள் உள்ளே போகும் தேதிக்கு 5 மாதம் முன்பு பதிவு திறக்கும். அங்கே காலை 7 மணி, அதாவது மார்ச் கடைசியில் பார்த்தால் நமக்குச் சாயங்காலம் நாலரை. ஆகஸ்ட் 28 உள்ளே போக வேண்டுமென்றால் மார்ச் 28 நாலரை மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் தயாராக உட்காருங்கள். ஒவ்வொரு இரவும் எந்த ஏரி என்று சொல்லித்தான் பதிவு செய்ய வேண்டும். ஏரிதான் உங்களுக்கு உறுதி, அந்த ஏரியில் எந்தத் தங்குமிடம் காலியாக இருக்கிறதோ அதை முதலில் போகிறவர் எடுத்துக்கொள்ளலாம். அதனால் மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் 9 பேர்தான் உச்சம். இரண்டு குடும்பமாகப் போகிறோம், பதினோரு பேர் என்றால் இரண்டு அனுமதி.

விசாவை இதற்கெல்லாம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நாலு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்?

இங்கேதான் எல்லாத் திட்டமும் கோணலாகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஏரிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அமைதியான தண்ணீரில் புதியவர்கள் ஓட்டினால் மணிக்கு மூன்று, நாலு கிலோமீட்டர் வரும், எதிர்க்காற்று வந்தால் அதில் பாதிகூட வராது. அதற்கு மேல் போர்ட்டேஜ் இருக்கிறது, ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடப்பது. கெவ்லர் என்ற லேசான இழையில் செய்த கனூ என்றாலும் 19, 20 கிலோ இருக்கும், அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு வேரும் கல்லும் சேறுமாக இருக்கிற பாதையில் நடக்க வேண்டும். ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோக முதல் தடவை யாராலும் முடியாது. முதல் நடையில் படகு, திரும்பி வந்து இரண்டாவது நடையில் மூட்டை. பலகையில் 1,000 மீட்டர் என்று போட்டிருந்தால் நீங்கள் நடப்பது 3 கிலோமீட்டர். அதைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட திட்டம் முதல் நாள் சாயங்காலமே உடைந்துவிடும், இருட்டில் தங்குமிடம் தேடி அலைவீர்கள்.

நான் சொல்லும் வழி எளிது. கனூ லேக் என்ற ஏரியில் தொடங்குங்கள், நெடுஞ்சாலை 60-லிருந்து பக்கம், படகு வாடகைக் கடை கரையிலேயே இருக்கிறது, டொராண்டோவிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. (டாம் தாம்சன் என்ற ஓவியர் 1917 ஜூலையில் இந்த ஏரியில்தான் இறந்துபோனார், அவர் பெயரில் வடக்கே ஓர் ஏரியே இருக்கிறது. கனடாக்காரர்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.) ஏரியின் வடக்கு முனையில் அணைக்குப் பக்கத்தில் 295 மீட்டர் போர்ட்டேஜ், அதைத் தாண்டினால் ஜோ லேக். அங்கிருந்து டீபீ லேக், லிட்டில்டோ என்று நீண்ட நடை இல்லாமலே உள்ளே போகலாம். அங்கே ஓரிடத்தில் கூடாரம் அடித்து மூன்று இரவும் அதே இடத்தில் இருங்கள். பகலில் மூட்டை இல்லாத லேசான படகில் சுற்றுங்கள், மீன் பிடியுங்கள், சும்மா உட்காருங்கள். தினமும் கூடாரத்தைப் பிரித்துக் கட்டி அடுத்த ஏரிக்கு ஓடுகிறவர்கள் மீனும் பிடிப்பதில்லை, காட்டையும் பார்ப்பதில்லை.

கடைசி நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். காற்று பலமாக அடித்தால் ஒரு நாள் முழுக்கக் கரையிலேயே உட்கார வேண்டி வரும், அதுதான் சரியான முடிவும்கூட. விமானம் பிடிக்கிற அவசரத்தில் அலையில் படகை இறக்குவதுதான் ஆபத்து. ஓபியாங்கோ என்று பூங்காவின் மிகப் பெரிய ஏரி இருக்கிறது, காற்றுக்குப் பேர்போனது, முதல் தடவை அதன் பக்கமே போகாதீர்கள்.

நீச்சல் தெரியாது, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போகலாம்தானே?

லைஃப் ஜாக்கெட் போட்டால் மிதப்பீர்கள், ஆனால் தண்ணீரின் குளிரை யாரும் யோசிப்பதில்லை. நம் கடல் 28, 29 டிகிரி. மே மாதத்தில் அந்த ஏரிகள் 10 டிகிரிக்கும் கீழே. அதில் திடீரென்று விழுந்தால் நெஞ்சு தானாக இழுத்து மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்: மூச்சை அடக்கிக்கொள்ள 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். மெரினாவில் எதிர்நீச்சல் போடுகிறவருக்கும் இதே கணக்குத்தான், விரல் விறைத்துவிட்டால் நீச்சல் தெரிந்து பயனில்லை.

அதனால் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைத்தால் போதாது, கரையை விட்ட நிமிடத்திலிருந்து உடம்பில் இருக்க வேண்டும், ஜிப் போட்டு. கனடாச் சட்டம் படகில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, நான் அதோடு நிற்க மாட்டேன். எப்போதும் கரையை ஒட்டியே ஓட்டுங்கள், ஏரியின் நடுவைக் குறுக்கே வெட்டிப் போகாதீர்கள். ஒரு செட் காய்ந்த துணியைத் தண்ணீர் புகாத பையில் கட்டிப் படகோடு கட்டி வையுங்கள். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரை உடம்போடு ஒட்டி வைக்கும். வேட்டி, காட்டன் பேன்ட், ஜீன்ஸ் எல்லாம் அக்கா வீட்டிலேயே இருக்கட்டும்.

நீச்சலே தெரியாதென்றால் ஆகஸ்டில், பழகியவரோடு, ஒரே ஏரியில் தங்குகிற மாதிரி போகலாம். ஆனால் இன்னும் மாதங்கள் இருக்கிறதே, கற்றுக்கொண்டே போங்களேன்.

சென்னையில் எப்படிப் பழகுவது?

முட்டுக்காடு, கோவளம் பக்கம் கயாக் கற்றுத்தருகிறார்கள், கனூ கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, துடுப்புப் பிடிக்கிற தோளும் இடுப்பும் பழகும், காற்று எப்படிப் படகைத் திருப்புகிறது என்று புரியும். ஆள் பக்கத்தில் இருக்க ஒரு தடவை வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். அதைவிட முக்கியம் நடை. பத்துப் பதினைந்து கிலோ அரிசியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு அபார்ட்மென்ட் படி ஏறி இறங்குங்கள், லிஃப்டை மறந்துவிடுங்கள். பரங்கிமலைப் படிக்கட்டும் நல்ல இடம். இரண்டு மாதம் செய்தால் போதும், போர்ட்டேஜில் முட்டி பேசாது.

சாப்பாடு? நம்ம சாப்பாடு இல்லாமல் நாலு நாள் முடியாது.

முடியாமல் போகவே போகாது, நம்ம சாப்பாடுதான் இதற்குத் தோதானது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, அவல், சேமியா, சத்துமாவு என்று கெடாத, எடை குறைந்த, சீக்கிரம் வேகிற சாமான் நம் சமையலறையில் இருக்கிற அளவுக்கு வேறு எங்கும் இல்லை. அங்கே அதிக விலைக்கு விற்கிற உலர் உணவுப் பாக்கெட் தேவையே இல்லை. காலையில் அவல் உப்புமா, பகலில் சப்பாத்தியும் பொடியும், சாயங்காலம் ரசப்பொடி போட்டுக் கொதிக்க வைத்த பருப்பும் சாதமும், மீன் கிடைத்தால் மீன். சுக்கு மல்லிக் காபித்தூள் கட்டாயம், ஆறு மணிக்கு மேல் ஏரிக்கரையில் அதற்கு ஈடு கிடையாது.

ஆனால் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று: காட்டுக்குள் டின்னும் கண்ணாடி பாட்டிலும் தடை. ஊறுகாய் பாட்டில், தேங்காய்ப்பால் டின், மீன் டின் எதுவும் கூடாது. எல்லாவற்றையும் திருகு மூடி பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் தனிப் பை போட்டு, மேலே "2-ஆம் நாள் ராத்திரி" என்று எழுதி வைத்தால் அங்கே குழப்பம் வராது, மிச்சமும் வராது. குக்கர் வேண்டாம், எடை.

சென்னையிலிருந்து எல்லாம் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலையிலிருந்து எல்லாம் கிடைக்கும். வீட்டுப் பொடிகளை மட்டும் கொண்டுபோங்கள், விமான நிலையப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று ஒழுங்காகக் குறிப்பிடுங்கள். நெய், பால் பொருள், பழம், இறைச்சி எதையும் இங்கிருந்து எடுக்காதீர்கள்.

ஏரித் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், அப்படியே குடிக்காதீர்கள், ஜியார்டியா என்ற கிருமி வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள், இல்லை வடிகட்டி.

கரடி வருமா? மசாலா வாசனைக்கு வரும் என்கிறார்களே?

கருங்கரடி இருக்கிற காடுதான். பெரும்பாலும் மனிதர் சத்தம் கேட்டால் அது விலகிப் போய்விடும். மசாலா என்று இல்லை, எல்லா உணவு வாசனையும், பற்பசை, சோப்பு, தைலம் உட்பட, அதற்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்குகிற மாதிரி கயிறு போட்டு ஏற்றுங்கள். இருட்டுகிற முன்பே கயிற்றைப் போட்டுவிடுங்கள், இருட்டில் அந்தக் கிளையைக் கண்டுபிடிக்க முடியாது. கூடாரத்துக்குள் பிஸ்கட் ஒன்றுகூடக் கூடாது, பிள்ளைகளின் சட்டைப்பையையும் பாருங்கள். நடைமுறையில் நம்மைத் தொல்லை செய்வது அணில்கள்தான்.

மீன் சுத்தம் செய்வதைத் தங்குமிடத்தில் செய்யாதீர்கள், குடல் செதிலைத் தள்ளி எங்காவது கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கையையும் கத்தியையும் நன்றாகக் கழுவுங்கள். மீன் பொரித்த சட்டையோடு தூங்காதீர்கள்.

மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டுமா? அப்பாவுக்கு 68 வயசு, அவருக்குமா?

வேண்டும். அவுட்டோர்ஸ் கார்டு என்ற அட்டையும் மீன்பிடி லைசென்ஸும் சேர்த்து ஆன்லைனில் வாங்கலாம். 65 வயது ஆனவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்வார்கள், அது கனடாவில் வசிக்கிறவர்களுக்கு மட்டும். சென்னையிலிருந்து போகிற அப்பாவுக்கு வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் லைசென்ஸ் உள்ள பெரியவரோடு சேர்ந்து பிடிக்கலாம், அவர்கள் எடுத்து வைக்கிற மீன் பெரியவர் கணக்கில் சேரும். லைசென்ஸில் இரண்டு வகை இருக்கிறது, குறைவாக மீன் எடுத்துக்கொள்கிற கன்சர்வேஷன் வகை விலை குறைவு, நாலு நாளுக்கு அதுவே தாராளம்.

உயிர் மீனை இரையாகப் போடுவது அல்கான்குவினில் தடை. வேறு ஏரியின் மீன் இனம் உள்ளே புகுந்தால் அங்கே இருக்கிற ட்ரவுட் அழிந்துபோகும், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. எந்த மீன் எந்தத் தேதி வரை, எந்த ஏரிக்கு என்ன தனி விதி என்பதை அந்த வருடத்து விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டே போங்கள்.

என்ன மீன் கிடைக்கும், என்ன தூண்டில்?

ப்ரூக் ட்ரவுட், லேக் ட்ரவுட், ஸ்மால்மவுத் பாஸ். ட்ரவுட் இரண்டும் குளிர்ந்த தண்ணீர் மீன், ஆகஸ்டில் ஆழத்துக்கு இறங்கிவிடும். புதியவர்களுக்கு பாஸ்தான் சந்தோஷம் கொடுக்கும்: பாறைக் கரை, தண்ணீரில் விழுந்து கிடக்கிற மரம், விடிகாலை அல்லது சூரியன் இறங்குகிற நேரம். சின்ன ஸ்பூன் (கரண்டி வடிவத்தில் இருக்கும் உலோகப் போலி இரை), சுழல் தகடு, ரப்பர் புழு போதும். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் ஸ்பூனை இழுத்துப் போனால் லேக் ட்ரவுட் மாட்டலாம்.

காசிமேட்டில் வாங்கின கடல் தூண்டிலைக் கொண்டுபோகாதீர்கள், அது வேறு வேலைக்கு. நாலு துண்டாகக் கழலும் லேசான கம்பு, சின்ன ரீல், 6 அல்லது 8 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு. ஈயக்குண்டு வேண்டாம், லூன் என்கிற நீர்ப்பறவை கல்லென்று நினைத்து விழுங்கிச் செத்துப்போகிறது. தகரத்தில் செய்த குண்டு அங்கே கிடைக்கும். தூண்டில் முள்ளில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் வேண்டாத மீனை அடிபடாமல் திருப்பி விடலாம், குழந்தை விரலில் ஏறினாலும் சுலபமாக வரும். முள்ளெல்லாம் செக்-இன் பெட்டியில்.

சாமான் இங்கே வாங்கவா, அங்கே வாடகைக்கு எடுக்கவா?

படகு, துடுப்பு, ஜாக்கெட், கூடாரம், தூங்கும் பை எல்லாம் அங்கே வாடகை. இங்கே வாங்குகிற தூங்கும் பை பெரும்பாலும் ஊட்டிக் குளிருக்குத்தான் தாங்கும். உள்சட்டை, மழைக்கோட்டு, ஹெட்லைட், தண்ணீர் புகாத பை, இதெல்லாம் டெக்கத்லானில் வாங்கிக்கொள்ளலாம். கேஸ் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கே வாங்குங்கள்.

டாய்லெட்?

தங்குமிடத்துக்குப் பின்னால் காட்டுக்குள் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும், சுவர் கிடையாது. தண்ணீருக்கு ஒரு மக்கு கொண்டுபோங்கள்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா?

நடக்கிறவர்கள், தரையில் உட்கார்ந்து எழுகிறவர்கள் என்றால் தாராளமாக. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை இரண்டு செட்டாக, இரண்டு வேறு பையில் வையுங்கள், ஒரு பை நனைந்தாலும் இன்னொன்று இருக்கும். பயணக் காப்பீட்டில் படகுப் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இதய நோய் சிகிச்சை சமீபத்தில் நடந்திருந்தால் வேண்டாம், உதவி வந்துசேர பல மணி நேரம் ஆகிற இடம் அது.

போன் எடுக்குமா? சாட்டிலைட் கருவி வாங்கிக்கொள்ளலாமா?

உள்ளே டவர் கிடையாது. நீங்கள் போகும் ஏரிகள், திரும்பும் தேதி, இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதி டொராண்டோ வீட்டில் கொடுத்துவிடுங்கள். கூட வருகிற சொந்தக்காரர் கையில் ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் சாட்டிலைட் வழியே அவசரச் செய்தி அனுப்பலாம். கார்மின் இன்ரீச் மாதிரிக் கருவியும் நல்லது, ஆனால் அங்கே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆசைப்பட்டு வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்தில் பைக்குள் இருந்து எடுத்து வழக்குப் போட்டிருக்கிறார்கள்.